சக்கரபாணியின் முன்பற்கள்

வேங்கிக்கால் சக்கரபாணியின் பிழைப்பு மேல்வரிசையில் முன்னால் இருக்கிற இரண்டு பற்களின் மேல் நிற்கிறது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். சாக்ஸபோன் ஊதுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். வாயில் வைக்கிற கறுப்பு மவுத்பீஸின் முதுகில் மேல்பல் இரண்டும் ஆணி அடித்த மாதிரி உட்கார வேண்டும். கீழ் உதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் மடித்து, அதை மெத்தையாக்கி, நாணல் தட்டையைச் சீவினது போல இருக்கிற ரீடை அதன் மேல் தாங்க வேண்டும். மேலே பல் ஆடினால் சத்தமும் ஆடும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சக்கரபாணிக்குப் பல் போனால் சோறும் போச்சு.

அந்தப் பல் போன கதைதான் இது. ஆனால் பல் எந்த வாயில் இருந்தது, அந்த வாய் என்னென்ன ஊதியது என்று சொல்லாமல் பல்லை மட்டும் சொன்னால் கதை நிற்காது.

சக்கரபாணியின் அப்பா அவலூர்ப்பேட்டை ரோட்டோரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். மல்லாட்டை பிடுங்குகிற நாளில் பள்ளிக்கூடம் கிடையாது, மழை வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, கடைசியில் எட்டாவதோடு பள்ளிக்கூடமே கிடையாது என்று ஆனது. டவுனில் மூர்த்தி என்பவர் பேண்டு செட் வைத்திருந்தார். அதில் டியூப் லைட் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், சக்கரபாணி போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் இரண்டு பக்கமும் லைட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்களே, அந்த வேலை. சங்கீதத்துக்கும் அவருக்கும் அப்போது இருந்த ஒரே சம்பந்தம், பேண்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் திரும்புவது.

ஒருநாள் கிளாரினெட் வாசித்தவர் சொல்லாமல் கொள்ளாமல் சவுதிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் கல்யாணம். மூர்த்தி அந்த ஆளின் சிவப்புக் கோட்டை எடுத்து ஒவ்வொருவர் தோளிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சக்கரபாணியின் தோளில் அது உட்கார்ந்தது.

"டேய் பாணி, இனிமே நீதான்டா கிளாரினெட்டு."

"ஐயோ மொதலாளி, எனக்கு ஊத வராதே."

"உன்ன யார்ரா ஊதச் சொன்னது? வாயில வெச்சிக்கினு வெரல ஆட்டிக்கினே நட. பாக்கி பேரு ஊதுவாங்க. வரிசையில ஒரு ஆள் கம்மியா இருந்தா பொண்ணு வூட்டுக்காரன் கேப்பான்."

அப்படிக் கோட்டு அளவுக்காக வித்வான் ஆனவர் சக்கரபாணி. நாலைந்து முகூர்த்தம் விரலை ஆட்டிக்கொண்டே நடந்தார். சும்மா வாயில் வைத்திருக்கிறதை ஊதித்தான் பார்ப்போமே என்று ஒருநாள் ஊதினார். ஊர்வலத்துக்கு முன்னால் போன குதிரை மிரண்டது. மாப்பிள்ளை கீழே விழவில்லை, அது மூர்த்தியின் நல்ல காலம். அதற்குப் பிறகு பகலில் மல்லாட்டைக் காட்டில் போய் ஊதி ஊதி, மாடுகள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்துகிற அளவுக்குத் தேறினார். கல்யாண வீடுகளில் சாக்ஸபோன் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது மூர்த்தி பழைய ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றைப் பிடித்து வந்தார். கிளாரினெட் பிடித்த கைக்கு அது பெரிய தூரம் இல்லை. வாய்தான் மாற வேண்டும். மேல்பல்லை வைத்து அழுத்தப் பழகியது அப்போதுதான்.

சக்கரபாணிக்கு மேலே முன்பல் இரண்டும் நேராக இருக்காது. இடதுபல் கொஞ்சம் முன்னால் வந்து வலதுபல்லின் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேண்டு செட்டில் "தெத்துப்பல்லு" என்று கிண்டல் செய்வார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. பொண்ணு பார்க்கப் போனபோது மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்ள ஊமையா?" என்று ரேணுகாம்பாள் உள்ளே கேட்டது வெளியே கேட்டது. அதில் சிரித்துவிட்டார், பல் தெரிந்துவிட்டது, அப்படியும் கல்யாணம் நடந்தது.

மெட்ராஸுக்குப் போனது ஒரு கார்த்திகை தீபத்தின்போது. டவுனில் ஒரு ரிசப்ஷனுக்கு வந்த மெல்லிசைக் குழுவின் சாக்ஸபோன்காரர் தீபக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் செஞ்சியிலேயே மாட்டிக்கொண்டார். மண்டபத்துக்காரர் சக்கரபாணியைப் பிடித்து மேடையில் ஏற்றினார். அந்தக் குழுவில் வயலின் வாசித்தவர் ரெக்கார்டிங் தியேட்டர்களுக்குப் போகிறவர். அவர்தான் சக்கரபாணியை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் விட்டார். அங்கே முதல் நாள் முன்னால் ஒரு தாள் வைத்தார்கள், அதில் கோடும் புள்ளியுமாக இருந்தது. சக்கரபாணிக்கு அது எறும்பு ஊர்ந்தது மாதிரி தெரிந்தது. வயலின்காரர்கள் ஒருதரம் வாசித்துப் பார்த்ததைக் காதில் வாங்கிக்கொண்டு, தாளையே உற்றுப் பார்த்தபடி அப்படியே ஊதிவிட்டார். தாள் தலைகீழாக இருந்ததை, முன்னால் நின்று கைகாட்டி நடத்துகிற கண்டக்டர் அப்புறம்தான் கவனித்தார். திட்டிவிட்டு, அடுத்த கால்ஷீட்டுக்கும் வரச் சொன்னார். அந்தப் புள்ளி எழுத்தைப் படிக்க அதற்கப்புறம் கற்றுக்கொண்டார்.

செஷன் வேலை என்பது கொத்துவேலை மாதிரி. வீடு யாருடையதோ, நாம் நம் பக்கத்துச் சுவரை நேராகக் கட்டிவிட்டு வர வேண்டும். எழுதிக் கொடுத்ததில் ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சினிமாவில் சாக்ஸபோனுக்கு இரண்டே இடம்தான். கதாநாயகன் மழையில் தனியாக நடந்து போவான், அது ஒன்று. வில்லன் வீட்டு மாடிப்படியில் ஒருத்தி கையில் கிளாசோடு இறங்கி வருவாள், அது இன்னொன்று. சக்கரபாணி இரண்டையும் ஊதோ ஊதென்று ஊதினார். சீரியல்கள் வந்த பிறகு மாமியார் சதி செய்கிற இடமும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் வரும்போது தான் ஊதின பிட் பாட்டில் வந்தால் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து சீட்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் ரேணுகாம்பாளைக் கேட்பார்கள்.

"உங்க வூட்டுக்காரு சினிமாவுல பாடுறாராமே?"

"பாடல மாமா. ஊதறாரு."

"ஊதறதா? எரியற அடுப்பையா, எரியாத அடுப்பையா?"

ரேணுகாம்பாள் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீடும் வேங்கிக்காலிலேயே அமைந்துவிட்டது. மெட்ராஸில் குடியேறலாம் என்று ஒருதரம் பேச்சு வந்தது. "உங்க வேல நாளைக்கு இருக்குதோ இல்லியோ, கலெக்டர் ஆபீசு இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதனால் கால்ஷீட் வந்தால் சக்கரபாணி பஸ் ஏறுவார், முடிந்தால் திரும்பி வருவார். பெட்டி எப்போதும் மடியில்தான்.

இந்த ஓட்டத்தில்தான் இளஞ்செழியன் வந்து சேர்ந்தார். அடி அண்ணாமலைக்காரர். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு பேஸ் கிடார் வாசிக்கிறவர். ஜாஸும் நம் தாளமும் கலந்து ஒரு கோஷ்டி சேர்த்திருந்தார். ஃபியூஷன் என்று சொல்கிறார்களே, அது. இரண்டு குழம்பையும் ஒரே சட்டியில் ஊற்றினது மாதிரிதான், பக்குவம் தெரிந்தவன் செய்தால் ருசிக்கும். ஏழரை அட்சரத் தாளத்தில் நிறைய வாசிக்கிறதால் கோஷ்டிக்கு 'ஏழரை' என்றே பெயர் வைத்திருந்தார். அதைக் கேட்டதும் ரேணுகாம்பாள் கடையில் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏங்க, நாட்டுல வேற பேரே கெடைக்கலியா? ஏழரைய விட்டா போதும்னு ஜனம் திருநள்ளாறு போவுது. நீங்க போயி அதுல சேர்றேங்கறீங்க."

சேர்ந்தார். அடி அண்ணாமலையில் இளஞ்செழியன் வீட்டுக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற அறையில் ஒத்திகை. முதல் நாள் டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரபாணி கையில் சாக்ஸபோனோடு நின்றார்.

"ஊதுங்கண்ணா."

"எத்தினி பாரு, தம்பி?" தாளச் சுற்றைத்தான் தியேட்டரில் பார் என்பார்கள்.

"கணக்கெல்லாம் இல்லண்ணா. தோணுற வரைக்கும்."

"தோணலன்னா?"

"சும்மா நில்லுங்க."

"சும்மா நிக்கிறதுக்கா என்னக் கூப்ட்டீங்க?"

சும்மாதான் நின்றார். எழுதிக் கொடுக்காமல் ஊதுவது அவருக்கு வேட்டி இல்லாமல் கடைத்தெருவில் நிற்பது மாதிரி இருந்தது. சில வாரம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள், அவர் ரேணுகாம்பாளின் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய ஜெராக்ஸ் மிஷின் நொண்டி நொண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். ரோலர் ஒன்று தேய்ந்துபோய், தட் தடக், தட் தடக், ஸ்ஸ் என்று இழுத்து இழுத்துப் போனது. எண்ணிப் பார்த்தார். ஏழரை. அந்தச் சத்தத்தின் மேல் ஒரு மெட்டு தானாக வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஒத்திகையில் அதை ஊதினார். டிரம்ஸ் அடிக்கிற ராஜா குச்சியைக் கீழே வைத்துவிட்டு முழுசும் கேட்டார். பாட்டுக்குப் பெயர் என்ன என்று இளஞ்செழியன் கேட்டார்.

"ஜெராக்ஸ்."

அதுதான் சக்கரபாணி சொந்தமாகச் செய்த முதல் பாட்டு. இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டுச் சுவரைக் கட்டினவருக்கு ஒரு குச்சு வீடு கட்டிக்கொண்ட சந்தோஷம். ஏழரையின் முதல் ஆல்பத்தில் அதுவும் இருக்கும், பக்கத்தில் அவர் பெயரும் இருக்கும் என்று முடிவானது. பொங்கல் கழித்து மெட்ராஸில் ரெக்கார்டிங்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று ஒரு சீரியல் வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கிரிவலத்துக்கு வருகிற ஜனம், பஸ்ஸில் மூச்சு விட இடம் இல்லை. சக்கரபாணிக்கு உட்கார இடம் கிடைத்தது. மடியில் பெட்டி. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஆட்டு மந்தை ஒன்று ரோட்டில் இறங்கியது. டிரைவர் பிரேக்கைப் போட்டார். நின்றவர்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள், உட்கார்ந்தவர்கள் முன்சீட்டைப் பிடித்தார்கள். சக்கரபாணி இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தார். முன்சீட்டுக் கம்பியை அவர் வாய்தான் பிடித்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது சட்டையெல்லாம் ரத்தம். ரேணுகாம்பாள் பதறிப்போய் ஈரத்துணியைக் கொண்டுவந்து அழுத்தினார். இடதுபல் பாதியில் உடைந்திருந்தது. வலதுபல் ஊஞ்சல் ஆடியது. ரத்தம் நின்று, ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரேணுகாம்பாளுக்கு வாய் வந்தது.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஆவல" என்றார் சக்கரபாணி துணிக்குள்ளிருந்து.

"நல்லதாப் போச்சு. இனிமே அதையே சோறு தின்னச் சொல்லுங்க."

வேங்கிக்காலிலேயே மதிவதனி என்ற பல் டாக்டர் இருக்கிறார். பார்த்துவிட்டு இரண்டையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எடுத்து, புண் ஆறி, பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிரந்தரமாகக் கட்டுவதற்குத் தீபம் கழிந்துவிடும். அதுவரைக்கும் கழற்றி மாட்டுகிற பல். அதை வைத்துக்கொண்டு பேசலாம், இட்லி தின்னலாம். ஊத முடியாது. ஊதினால் பல் மவுத்பீஸோடு கையில் வந்துவிடும்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, வாயில் பஞ்சு இருந்ததால், "ம்யூசிக்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் பாட்டு வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

"பழையபடி ஏறினாப்ல கட்டணுமா, நேரா கட்டிடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

கூட வந்திருந்த மகள் ஆர்த்தி முந்திக்கொண்டாள். "நேராவே கட்டுங்க மேடம். அப்பா, இந்த சாக்குல நல்லா கட்டிக்கப்பா. ஒரு போட்டோவுலகூட நீ வாயத் தெறந்து நான் பாத்ததில்ல."

ரேணுகாம்பாளும் தலையாட்டினார். சக்கரபாணி யோசித்தார். கோணல் பல்லிலேயே இத்தனை காலம் ஓட்டினோம், நேரான பல் இன்னும் ஒழுங்காகத்தானே உட்காரும் என்று தோன்றியது. அவரும் தலையாட்டினார்.

இடையில் தியேட்டரிலிருந்து கூப்பிட்டவர்களிடம் ஜுரம் என்றார். ஜுரம் ரொம்ப நாள் ஓடாது என்று தெரிந்ததும் மாமியார் வீட்டில் விசேஷம் என்றார். பல் போச்சு என்று மட்டும் சொல்லவில்லை. சாக்ஸபோன்காரனுக்குப் பல் போச்சு என்று ஒரு டீக்கடையில் பேச்சு வந்தால் போதும், மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பான். இளஞ்செழியனிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னார். இளஞ்செழியன் தேதியைத்தான் முதலில் கேட்டார்.

"பொங்கலுக்குள்ள ரெடி ஆயிடுவீங்களாண்ணா? தியேட்டர் சொல்லியாச்சு. தேதி மாத்துனா ராஜா கெடைக்க மாட்டாரு. பெங்களூர்ல ஒருத்தர் நல்லா வாசிக்கிறாரு. ஒருவேள முடியலன்னா..."

"என் பாட்டை அவன் ஊதுவானா?"

"பேரு உங்க பேருதாண்ணா இருக்கும்."

"பேரு இருக்கும். வாயி?"

போன் அதோடு நின்றது.

மார்கழியில் பல் வந்தது. வெள்ளையாக, நேராக, சுண்ணாம்பு அடித்த கல்நட்ட வரப்பு மாதிரி. இப்போதைக்குத் தற்காலிகப் பசையில்தான் ஒட்டியிருக்கிறேன், ஒருவாரம் பழகிப் பாருங்கள், சரியாக இருந்தால் நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்று டாக்டர் அனுப்பினார். ஆர்த்தி அன்றைக்கே போட்டோ எடுத்தாள். சக்கரபாணி போட்டோவுக்குச் சிரித்துவிட்டு நேராக அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தார்.

முதல் ஊதலில் சத்தமே வரவில்லை. இரண்டாவதில் வந்தது, வாத்தின் கழுத்தில் மிதித்த மாதிரி வந்தது. கீழ்ஸ்தாயியில் காற்று, மேல்ஸ்தாயியில் கீச்சு. பல் மவுத்பீஸில் நிற்காமல் இப்படியும் அப்படியும் வழுக்கியது. ரீடை மாற்றினார். கழுத்தில் மாட்டுகிற ஸ்ட்ராப்பை ஏற்றினார், இறக்கினார். கண்ணாடி முன்னால் நின்று ஊதினார். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ரேணுகாம்பாள் வந்து எட்டிப் பார்த்தார். கிண்டல் செய்யத்தான் வந்தார், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார் சக்கரபாணி. வெளியே பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்ததும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

"என்ன சார் இது?"

"இதான் டாக்டரம்மா என் வேல. இதுக்கு இந்தப் பல்லு சேரல. பழையபடி கோணலாப் பண்ணிடுங்க."

மதிவதனி சிரித்தே விட்டார். "சார், கோணலா இருக்கறத நேராக்கச் சொல்லி வருவாங்க. நேரா இருக்கறதக் கோணலாக்கச் சொல்லி இப்பதான் ஒருத்தர் வர்றாரு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"வாயில பஞ்சு வெச்சிட்டீங்களே."

"சரி, எவ்ளோ கோணல்? எனக்கு அளவு வேணும். பழைய பல்ல எடுத்துத் தூக்கிப் போட்டாச்சு. போட்டோ இருக்கா?"

போட்டோ ஏது? வாயைத் திறந்து ஒரு போட்டோ இல்லை என்பதுதானே மகளின் குறை. சக்கரபாணி கையைப் பிசைந்தார். டாக்டர் மவுத்பீஸை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில், பல் உட்காருகிற இடத்தில், வருஷக்கணக்காக அழுத்தி அழுத்திக் கறுப்பு ரப்பர் தேய்ந்து இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்று ஆழம், இன்னொன்று மேலாக, கொஞ்சம் தள்ளி. அம்மியில் பள்ளம் விழுந்தது போல.

"இதென்ன சார், பல்லு பட்ட எடமா?"

"ஆமா. எல்லார்துலயும் இருக்கும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"அப்ப உங்க பழைய பல்லு இதுலதான் சார் இருக்கு."

மெழுகை இளக்கி அந்தப் பள்ளத்தில் அழுத்தி அச்சு எடுத்தார். ஒட்டியிருந்த புதுப்பல்லைக் கழற்றி, அச்சோடு சேர்த்து மெட்ராஸில் பல் செய்கிற இடத்துக்கு அனுப்பினார். அது திரும்பி வருகிறவரைக்கும் சக்கரபாணி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நடமாடினார். பொங்கலுக்கு முன்தினம் பல் வந்தது.

அன்றைக்கு அந்தக் கிளினிக்கில் நடந்த கூத்து வேங்கிக்காலில் பாதிப்பேருக்குத் தெரியும். கடித்துப் பார்க்கிற நீலக் காகிதத்தை டாக்டர் மவுத்பீஸின் மேல் வைப்பார். "ஊதுங்க சார்" என்பார். சக்கரபாணி அந்தச் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதுவார். வாயைத் திறந்தால் பல்லில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே டாக்டர் கர்ரென்று ஒரு இழுப்பு இழைப்பார். மறுபடி காகிதம், மறுபடி ஊதல், மறுபடி கர்ர். வெளியே பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "உள்ள இன்னாம்மா, பல்லு புடுங்கறாங்களா, எருமை கன்னு போடுதா?" என்று கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார்.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

"உக்காருது டாக்டரம்மா. நிக்குது. கீழ சுரமெல்லாம் வந்திடுச்சு."

"மேல?"

மேலே ஊதிப் பார்த்தார். கீச்சு போயிருந்தது. ஆனால் முன்பெல்லாம் மேல்சுரத்தில் கத்தி வீசின மாதிரி ஒரு கூர்மை இருக்கும், அது இல்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

"இன்னும் இழைச்சிப் பாக்கலாமா?"

"இதுக்கு மேல இழைச்சா பல்லு மெலிஞ்சி உடையும் சார். சொந்தப் பல்லு எலும்போட ஒட்டியிருக்கும், அதிர்வு மண்டைக்குப் போவும். இது கட்டுன பல்லு. இவ்ளோதான் வரும். நான் பொய் சொல்ல விரும்பல."

சக்கரபாணி அதையே நிரந்தரமாக ஒட்டச் சொல்லிவிட்டார்.

ரெக்கார்டிங் அன்றைக்கு ஏழரைக்காரர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். இளஞ்செழியன் மட்டும் பார்க்காத மாதிரி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ராஜா எண்ணிக் கொடுத்தார். ஜெராக்ஸ் ஆரம்பித்தது. கீழே நடக்கிற பகுதியில் சத்தம் கனமாக, புகைபோல வந்தது. அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து அதற்கு முன்னால் வந்ததில்லை. பாட்டின் நடுவில் மெட்டு படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கிற இடம் உண்டு. அந்த உச்சிக்குத்தான் முழுப்பாட்டும் ஓடும். சக்கரபாணி ஏறினார். சுரம் வந்தது, ஆனால் தொட்டும் தொடாமலும், மங்கலாக. எல்லாருக்கும் தெரிந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அங்கே போய் மங்கியது.

இளஞ்செழியன் தான் பேஸ் வாசித்த கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பாக்கியெல்லாம் பிரமாதம். அந்த மேல் எடம் மட்டும் பெங்களூர்காரரை ஊத வெச்சி ஒட்டிடலாமா? நாலு பார்தான். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்பது உண்மை. சக்கரபாணியே எத்தனை பேருக்கு அப்படி நாலு பார் ஊதிக் கொடுத்திருக்கிறார்! பெரிய பெரிய ஆட்களுக்கு வராத இடத்தை இவர் ஊதியிருக்கிறார், அவர்கள் பெயரில் அது ஓடியிருக்கிறது. தொழிலில் அது தப்பும் இல்லை, அசிங்கமும் இல்லை. அவர் மவுத்பீஸைத் துடைத்து மாட்டினார்.

"தம்பி, இந்தப் பாட்டு யாரு எழுதினது?"

"நீங்கதாண்ணா."

"அப்ப மேல போயே ஆவணும்னு யாரு சொன்னது?"

இளஞ்செழியனுக்குப் புரியவில்லை.

"நான்தான சொன்னேன்? அப்ப எனக்கு அந்தப் பல்லு இருந்துச்சு, மேல போனேன். இப்ப இருக்கிற பல்லு கீழதான் நல்லாப் பேசுது. ஏறுற மாதிரி போயி, அந்த எடத்துல நான் கீழ எறங்கிடறேன். நீங்களும் பேஸை நிறுத்திடுங்க. ராஜா மட்டும் அடிக்கட்டும்."

"அது வேற பாட்டு ஆயிடும்ணா."

"ஆவட்டும். என்னுதுதான?"

எழுதிக் கொடுத்த தாளில் ஒரு புள்ளியைக்கூட வாழ்நாளில் மாற்றாத ஆள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றார். ராஜா எண்ணினார். மெட்டு ஏறியது, ஏறியது, எல்லாரும் உச்சியை எதிர்பார்த்த இடத்தில் பேஸ் நின்றது, சாக்ஸபோன் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஒரே இழுப்பில் அடிச்சுரத்துக்கு இறங்கி, அங்கேயே நின்று பேசியது. ராஜாவின் குச்சி மட்டும் மேலே தட்டிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் இளஞ்செழியன் உள்ளேயிருந்து கையைத் தூக்கினார். "ஓகேண்ணா. இது போதும்."

"உங்களுக்குப் போதும். எனக்கு இன்னொண்ணு வேணும்" என்றார் சக்கரபாணி.

இன்னொரு தடவை எடுத்தார்கள். அதைத்தான் ஆல்பத்தில் வைத்தார்கள்.